மாட்டுத் தொட்டியிற் சோறு

தைப்பொங்கலுக்கு மறுநாள் பட்டிப்பொங்கல். மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு நிறம் பூசி, கழுத்துக்கு மாலையிட்டு, வாழையிலையிற் படைத்த பொங்கலை அவற்றுக்கு ஊட்டுவது தமிழ்க் கமக்காரரின் நெடுநாள் வழக்கம். ஆண்டு முழுவதும் உழைத்த விலங்குக்குச் செலுத்தும் இந்நன்றியைக் குறை கூறுவார் எவருமிலர். குறை கூறவேண்டியது அளவைப் பற்றியே. ஒரு கவளத்துடன் நிற்கவேண்டியது ஒரு வாளியாகின்றது. வீட்டார் ஊட்டியபின் அயலார் ஊட்டுகின்றனர். மிஞ்சிய பானையும் மாலையிலே தொட்டிக்குள் வந்து விழுகின்றது. மறுநாட் காலையில் மாடு அசை போடாது தலை கவிழ்ந்து நிற்கின்றது. கெட்ட வேளையாயின் இரண்டு மூன்று நாட்களுள் இறந்தும் போகின்றது. தப்பிய மாடோ, பங்குனியில் நொண்டத் தொடங்குகின்றது.

பங்குனியில் வந்த நொண்டலைத் தையில் உண்ட பொங்கலோடு சேர்த்து எண்ணுபவர் மிகச் சிலரே. முள் தைத்தது என்பர். கல்லில் அடிபட்டது என்பர். நாவூறு பட்டதென்று திருநீறு போடுவாரும் உளர். குளம்பைக் கிளறியும் முள்ளைக் காணாதவிடத்து மாடு விலைப்படுகின்றது. ஒரு பசுவை அவ்வாறு இழக்குங் குடும்பம் பாலை மட்டுமன்றித் தோட்டத்துக்குரிய எருவையும் அடுத்த கன்றையும் ஒருங்கே இழக்கின்றது. இத்தகைய நொண்டல்கள் பலவற்றின் வேர் காலிலன்று, தொட்டியிலே உள்ளது என்பதைக் கமக்காரர் அறிந்திருப்பாராயின் இவ்விழப்பிற் பெரும்பகுதி நேராது.

மாடு சோறுண்ண அமைந்த விலங்கன்று. அதன் நான்கு வயிறுகளுள் முதலாவதாகிய பெருவயிறு, பெரிய பசுவொன்றில் நூறு இலீற்றருக்கு மேற் கொள்ளக்கூடியது. அதனுள்ளே கண்ணுக்குத் தெரியாத எண்ணிறந்த நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. புல்லையும் வைக்கோலையும் புளிக்கச்செய்து மாட்டுக்கு உணவாக்குவன அவையே. கமக்காரன் தீன் வைப்பது மாட்டுக்கன்று, அந்நுண்ணுயிர்களுக்கே என்று கூறினும் பிழையாகாது. வைக்கோலைத் தின்ற மாடு அதனை நெடுநேரம் அசை போடுகின்றது. அசை போடுந்தோறும் உமிழ்நீர் சுரக்கின்றது. பெரிய கறவைப் பசுவில் அது நாளொன்றுக்கு நூறு இலீற்றரையுங் கடக்கும். அந்நீரில் அப்பச்சோடாவை ஒத்த உப்பு உண்டு. வயிற்றிற் பிறக்கும் அமிலத்தைத் தணித்துவைப்பது அதுவே.

சோறு இவ்வொழுங்கைக் குலைக்கின்றது. அதை அசை போடவேண்டியதில்லை. ஆதலால் உமிழ்நீரும் குறைகின்றது. வெந்த அரிசியிலுள்ள மாப்பொருள் சில மணி நேரத்திலேயே புளித்து, தயிருக்குப் புளிப்பைத் தரும் அதே அமிலம் பெருவயிற்றில் நிறைகின்றது. அப்புளிப்பிலே வைக்கோலைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. புளிப்பை விரும்புவன பெருகுகின்றன. வயிற்றின் அசைவு நிற்கின்றது. உடலிலுள்ள நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படுகின்றது. அமிலம் இரத்தத்திலே கலக்கின்றது. நிறையத் தின்றும் மாடு வாடிப்போவதன் காரணம் இது.

இனிக் குளம்பைப் பார்த்தல் வேண்டும். வெளியே உயிரற்ற ஓடுபோலத் தோன்றினும் அதனுள்ளே இரத்தக் குழாய்கள் செறிந்த மெல்லிய தசை உண்டு. குளம்பெலும்பை ஓட்டுடன் பிணைத்து வைப்பதும், புதுக் குளம்பை நாள்தோறும் வளர்ப்பதும் அத்தசையே. வயிறு புளித்தபோது பிறக்கும் நச்சுப்பொருள்கள் இரத்தவழியே வந்து அதனை அழற்சியுறச் செய்கின்றன. பிணைப்புத் தளரும்போது, உடலின் பாரத்தைத் தாங்கிய எலும்பு கீழிறங்கி உள்ளங்குளம்பை நசுக்குகின்றது, இரத்தங் கசிகின்றது. இதுவே குளம்பழற்சி. மாட்டின் குளம்பு மாதமொன்றுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீற்றரே வளரும். உள்ளே கசிந்த இரத்தம் அடிப்பக்கத்திற் செங்கறையாக வெளிவர இரண்டு மாதம் வரை செல்வது அதனாலேயே. தைக்கும் பங்குனிக்கும் உள்ள தொடர்பு இவ்வளவுதான்.

குதிரைகளில் இந்நோய் மிகப் பழங்காலந்தொட்டு அறியப்பட்டது. பண்டைக் கிரேக்க நூல்களிலே பார்லித் தானியத்தின் பெயரால் ஒரு குதிரை நோய் கூறப்படுகின்றது. அது குளம்பழற்சியே என்பது அறிஞர் பலரின் கருத்து. மட்டக்குதிரைகளில் இந்நோய் வர மற்றொரு வழியும் உண்டு. கொழுத்த மட்டக்குதிரைகள் பலவற்றின் உடல், இரத்தத்திலுள்ள வெல்லத்தைக் குறைக்குஞ் சுரப்பாகிய இன்சுலினுக்குச் சரிவர இணங்குவதில்லை. இணங்காமையால் அச்சுரப்பு மேன்மேலும் ஊறி இரத்தத்திலே மிகுந்து நிற்கின்றது. 2007ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் நலமாயிருந்த மட்டக்குதிரைகளின் இரத்தத்தில் இன்சுலினைத் தொடர்ந்து செலுத்திப் பார்த்தனர். தானியம் எதனையும் மிகையாக உண்ணாமலே அவற்றுக்குக் குளம்பழற்சி கண்டது. இத்தகைய விலங்குக்குத் தானியத்தையும் வெல்லத்தையும் முற்றாக நிறுத்துவதும், செழித்த புற்றரையில் விடாது கட்டுவதும், உலர்ந்த புல்லை நீரில் ஊறவைத்து வெல்லத்தைக் கழித்தபின் கொடுப்பதும், கால் நலமானபின் நடக்கவிட்டு உடலை மெலிவிப்பதுமே மருந்து. நுவரெலியாவில் உல்லாசப் பயணிகளை ஏற்றும் மட்டக்குதிரைகளுக்கு அன்போடு பாணுங் கரட்டும் நீட்டுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று. நெடுந்தீவின் காட்டுக் குதிரைகளோ வறண்ட புல்லை மேய்ந்தே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. கோடையில் நீரின்றி அவை படுந் துன்பம் வேறு; உணவின் எளிமையால் அவை கெட்டனவல்ல.

பசுவுக்குக் கேடு வருவது வயிற்றின் வழி. கொழுத்த மட்டக்குதிரைக்கு இரத்தத்தின் வழி. இரண்டிலும் கேட்டைத் தொடக்கி வைப்பது மிஞ்சிய மாப்பொருளும் வெல்லமுமே.

பட்டிப்பொங்கல் ஆண்டுக்கொரு நாள். மற்றை நாட்களிலும் ஆபத்து இல்லாமலில்லை. அறுவடைக் காலத்திலே தெருவோரத்தில் படங்கு விரித்து நெல் காயவிடப்படுகின்றது. இரவில் கயிறறுத்த மாடு அதன்மேல் நின்று விடியும்வரை தின்கின்றது. உமியோடு கூடிய நெல் சோற்றைவிட மெல்லவே புளிக்குமாயினும், அளவு மிகுந்தால் முடிவு ஒன்றே. கலியாண வீட்டிலும் கோயில் அன்னதானத்திலும் மிஞ்சிய சோறு, வீணாகக்கூடாது என்ற நல்லெண்ணத்தினாற் கிடாரமாகவே கொட்டிலுக்குக் கொண்டுவரப்படுகின்றது. பலாப்பழக் காலத்திற் பழுத்த பலா முழுதாகத் தொட்டிக்குட் போகின்றது. மலைநாட்டு மரக்கறிச் செய்கையாளர், விலை விழுந்தபோது விற்கமுடியாத பீற்றூட்டையும் கரட்டையும் உருளைக்கிழங்கையும் குவியலாக மாட்டின்முன் கொட்டிவிடுகின்றனர். கிழங்குகளிலும் வெல்லமும் மாப்பொருளும் உண்டு. முழுக் கிழங்கு தொண்டையிற் சிக்கி உயிர்போவதும் உண்டு. இவற்றுள் ஒன்றும் நஞ்சன்று. பழகாத வயிற்றில் ஒரே நாளிற் குவிவதே நஞ்சாகின்றது. ஆடுகளுக்கோ ஒரு சிறு சட்டிச் சோறே போதும்.

“பாட்டன் காலத்திலும் மாட்டுக்குக் கஞ்சியும் சோறும் வைத்தோமே, அப்போது மாடுகள் நொண்டவில்லையே” என்று முதியோர் சிலர் கேட்பர். இக்கேள்வி புறக்கணிக்கத்தக்கதன்று. பாட்டன் காலத்து நாட்டு மாடு பகலெல்லாம் தரவையில் மேய்ந்தது, அல்லது ஏர் இழுத்தது. அதன் வயிறு நார்த்தீனால் நிறைந்திருந்தது. அக்காலத்தில் அரிசி அருமை. தொட்டிக்கு வந்தது பெரும்பாலும் கழுநீருங் கஞ்சித் தெளிவுமே. இன்றுள்ள கலப்பினப் பசு பெரும்பாலும் கட்டிலே நிற்கின்றது. ஈரஞ் சுவறிய சீமெந்துத் தரையில் நிற்கின்றது. ஆலையிலிருந்து சாக்குச் சாக்காகத் தவிடு வருகின்றது. அரிவி வெட்டிய வயலில் வைக்கோலை எரித்துவிட்டுப் பசுவுக்குத் தவிடு வாங்கச் செல்லும் கமக்காரரும் இருக்கின்றனர். இதனினும் வியப்பானது வேறில்லை.

சோறு வைத்தால் பால் கூடுகின்றது என்பது மற்றொரு வாதம். தொடக்கத்திற் கூடுவதும் உண்டு. ஆனால் நார்த்தீன் குறைந்து வயிறு புளிக்கத் தொடங்கியதும் பாலின் கொழுப்புக் குறைகின்றது. கொழுப்பைப் பார்த்து விலை கொடுக்கும் பாற் சேகரிப்பு நிலையத்தில் அது உடனே தெரிந்துவிடும். சாணம் ஒருநாள் இறுகியும் மறுநாள் இளகியும், நுரையோடும் செரிக்காத தானியத்தோடும் போவது முன்னறிவிப்பு. படுத்திருக்கும் பசுக்களுட் பாதிக்கு மேற்பட்டவை அசை போடாதிருந்தால் தொட்டியைச் சோதித்தல் வேண்டும்.

அளவு மீறித் தின்ற மாட்டில் நோய்க்குறிகள் பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்துள் தோன்றும். இடப்பக்க வயிறு புடைக்கும். கையால் அழுத்தினால் நீர் தளும்பும் ஓசை கேட்கும். புளித்த நாற்றமுள்ள கழிச்சல் காணும். கண் குழிவிழும், நடை தள்ளாடும். இந்நிலையில் எண்ணெயையோ கைமருந்தையோ மூங்கிற் குழாயால் வலிந்து ஊற்றுவது பெரும் பிழை. தளர்ந்த மாட்டின் சுவாசப்பைக்குள் அது சென்றுவிடும். மாடு மிகையாகத் தின்றது தெரிந்தவுடன், குறிகள் தோன்றும்வரை காத்திராமல், அப்பகுதிக் கால்நடை வைத்திய அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். அப்பச்சோடாவை எவ்வளவு, எவ்வாறு கொடுப்பது என்பதை அவரே தீர்மானிப்பார். அவர் வரும்வரை தீன் முழுவதையும் அகற்றி, நல்ல வைக்கோலை மட்டும் முன்னே போட்டுவைத்தல் போதும்.

குளம்பு அழன்ற மாட்டை நிற்கும் நிலையைக்கொண்டே அறியலாம். முதுகை வளைத்து நிற்கும். முன்னங்கால்களைக் குறுக்கே மாற்றி வைக்கும். சில வேளை முழந்தாளிட்டபடி தீன் தின்னும். அதனை அடித்து நடத்துவது கொடுமை மட்டுமன்று, இறங்கிய எலும்பை மேலும் இறக்குவதுமாகும். சீமெந்துத் தரையிலிருந்து நீக்கி மணல் பரப்பிய இடத்தில் அல்லது தடித்த வைக்கோற் படுக்கையில் விடுதல் வேண்டும். நோவைத் தணிக்கவும் குளம்பைச் செதுக்கவும் பயின்றவர் வேண்டும். கொடுவாக் கத்தியுடன் எவரும் அவ்வேலையில் இறங்கலாகாது.

வருமுன் காத்தல் இதனினும் எளிது. காலையில் முதலிலே வைக்கோல் அல்லது புல், பின்னரே தவிடும் பிண்ணாக்கும் என்ற ஒழுங்கை மாற்றாதிருத்தல் வேண்டும். கறவைப் பசுவுக்கு 2½ முதல் 3 இலீற்றர் பாலுக்கு 1 கிலோ கலப்புத் தீன் என்பது பொதுக் கணக்கு. அதையும் ஒரே வேளையில் வைக்காது பிரித்து வைத்தல் நன்று. புதிய தீன் எதுவாயினும் இரண்டு மூன்று வாரத்தில் சிறிது சிறிதாகக் கூட்டப்படல் வேண்டும். கிழங்குக் கழிவைத் துண்டாக நறுக்கி, வைக்கோலோடு கலந்து, சில நாட்களுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம். வேலியிலுள்ள சீமைக்கிளுவைக் குழையும், வாய்க்கால் ஓரத்தில் நட்ட கோ 3 புல்லும் தவிட்டுச் சாக்கின் செலவையே குறைத்துவிடும்.

பட்டிப்பொங்கலன்று வாழையிலையில் ஒரு கவளம் போதும். வீட்டிலுள்ள ஒருவரே எல்லா மாட்டுக்கும் ஊட்டுவதென்று வைத்துக்கொண்டால், இன்னார் ஊட்டினார், இன்னார் ஊட்டவில்லை என்ற மயக்கம் வராது. நெல் காயும் நாட்களில் மாலையிலேயே படங்கை மடித்து நெல்லை மூடிவைப்பதும், இரவுக்கு முன் கட்டுக் கயிற்றை இழுத்துப் பார்ப்பதும் பத்து நிமிட வேலை.