பட்டறை என்பது தண்டனை அன்று



என்னிடம் இருப்பது பழைய புரோட்டோன் ஈஸ்வரா மகிழுந்து. சில மாதங்களாக அது நிற்கும் இடத்திலெல்லாம் கறுப்பாக ஒரு துளி எண்ணெய் சிந்தி வந்தது. 'ஒரு துளிதானே' என்று அடியில் பழைய அட்டையை விரித்துவிட்டு, நானும் பள்ளிக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். சென்ற விடுமுறையில்தான் ஜெலுத்தோங்கிலுள்ள ஒரு பட்டறைக்கு அதைக் கொண்டு சென்றேன். பட்டறைக்காரர் என் மாணவன் ஒருவனின் தந்தை.

"முன்பக்க ஆயில் சீல் தேய்ந்துவிட்டது, சார். சீல் சில வெள்ளிதான், வேலைக்கு அரைநாள் பிடிக்கும்" என்றார். இவ்வளவு சிறிய வளையத்திற்கு இவ்வளவு கூலியா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் வேலையைத் தொடங்கினார். அருகில் அமர்ந்து பார்த்த எனக்கு அதுவே பதிலாயிற்று.

இயந்திரத்தின் சுழல்தண்டு நெடுஞ்சாலையில் நிமிடத்திற்கு மூவாயிரம் முறையளவில் சுழலக்கூடியது. அத்தண்டு வெளியே நீளும் இடத்தில், எண்ணெயை உள்ளே நிறுத்துவது ஓர் இரப்பர் உதடும் அதை இறுக்கிப் பிடிக்கும் மெல்லிய சுருள்வில்லுமே. ஆண்டுக்கணக்கில் வெப்பம் பட்டு இரப்பர் விறைத்துவிட்டால் எண்ணெய் கசியும். கசிந்த எண்ணெய் அருகிலுள்ள டைமிங் பெல்ட்டை நனைத்து நலிவடையச் செய்யும். பெல்ட் அறுந்தால் பினாங்குப் பாலத்தின் நடுவிலேயே மகிழுந்து நின்றுவிடலாம்.

பெல்ட்டைக் கழற்றுமுன் அவர் அடையாளக் குறிகளை நேர்ப்படுத்தினார். தண்டில் கீறல் விழாதபடி பழைய சீலை நெம்பி எடுத்தார். அது வெயிலில் கிடந்த பழஞ்செருப்பைப் போல் விறைத்திருந்தது. பிறகு தண்டை விரலால் தடவி, பள்ளம் விழுந்துள்ளதா எனப் பார்த்தார். "புகைபோக்கு வால்வு அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் கூடி, புதுச் சீலும் கசியும்" என்று சொல்லி அதையும் சோதித்தார். புதிய சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, சுருள்வில் பக்கம் உள்நோக்கி இருக்க, கோணாமல் தட்டி இறக்கினார். எல்லாம் பூட்டியபின் இயந்திரத்தை உடனே முடுக்கவில்லை. முதலில் கையால் இரண்டு சுற்று சுற்றிக் குறிகள் பொருந்துகின்றனவா எனப் பார்த்தார்.

கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சார், படிக்காதவன் பட்டறைக்குத்தான் போவான் என்று வகுப்பில் சொன்னீர்களாம். 'அப்பா, நீங்கள் படிக்கவில்லையா?' என்று மகன் கேட்டான்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கோ நா எழவில்லை. அவர் தொழிற்பயிற்சிக் கழகத்தில் பயின்று மலேசியத் திறன் சான்றிதழ் பெற்றவர் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அந்த வாக்கியத்தைச் சொன்னவன் நான் ஒருவன் மட்டுமா? 'உழைப்பின் உயர்வு' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுக்கும் நாமே, மறுபாட வேளையில் உழைப்பாளியின் தொழிலைப் பூச்சாண்டியாக்குகிறோம். நம் பாட்டன்மார் பால்மரக் காட்டில் பட்ட பாடு நம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்னும் பெற்றோரின் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால், அன்று அவர்களை வாட்டியது கைவேலை அன்று. கைவேலைக்கு மதிப்பும் உரிய கூலியும் கிட்டாமையே. அதே மதிப்பின்மையை இன்று நாமே விதைக்கலாமா?

கையறிவைப் புறந்தள்ளினால் என்ன நேரும்? 1986 சனவரி 28ஆம் நாள், சேலஞ்சர் விண்ணோடம் ஏவப்பட்ட 73 விநாடிகளில் சிதறி எழுவர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் பள்ளி ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப். உந்துகலத்தின் இணைப்பிலிருந்த இரப்பர் வளையம் குளிரில் விறைத்ததே அதற்குக் காரணம். அந்த வளையத்தை நன்கறிந்த பொறியாளர்கள் முந்தைய நாளே எச்சரித்தார்கள். மேலிருந்தோர் செவிசாய்க்கவில்லை.

எல்லாப் பிள்ளைகளையும் பட்டறைக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. மருத்துவராக விரும்பும் பிள்ளை மருத்துவராகட்டும். எதையும் கழற்றிப் பார்க்கத் துடிக்கும் பிள்ளைக்கும் ஒரு வழி உண்டு என்று சொல்வோம். படிவம் மூன்றுக்குப் பின் பத்து லஞ்சாங், பாலிக் பூலாவ் போன்ற தொழிற்கல்லூரிகள் இருப்பதைப் பெற்றோருக்கு எடுத்துரைப்போம். ஆயினும், எந்த வழியில் செல்லும் பிள்ளைக்கும் எழுத்தும் கணக்கும் வேண்டும். கையேட்டைப் படிக்காமல், அளவு பார்க்காமல் அந்தச் சீலை மாற்ற முடியாது.

வரும் தவணையில் எளிய எந்திரங்கள் பற்றிய பாடத்திற்கு அந்தத் தந்தையை வகுப்புக்கு அழைக்கத் தலைமையாசிரியரிடம் இசைவு கேட்டிருக்கிறேன். அன்று அவருடைய மகன் முன்வரிசையில் அமர்வான். அவன் முன்னிலையில் நான் சொன்ன வாக்கியத்தை நானே திரும்பப் பெறுவேன்.

இப்போது என் மகிழுந்தின் அடியில் அட்டை இல்லை, தரையும் காய்ந்திருக்கிறது.