வாரம் ஒருமுறை தொட்டியைத் தேய்ப்போம்

2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோரை டெங்கு பீடித்தது. 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னரும் மழைக்காலந்தோறும் நாம் புகை விசிறும் வண்டியையே எதிர்பார்த்து நிற்கிறோம். புகை, பறக்கும் நுளம்பைக் கொல்லும். முட்டையை ஒன்றும் செய்யாது. தொட்டியின் உட்சுவரில் ஒட்டிய முட்டை, நீர் வற்றினாலும் பல மாதங்கள் அழியாதிருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே நீரைக் கொட்டுவது போதாது. சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

முட்டை நுளம்பாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகும். வாரந்தோறும் ஜும்ஆவுக்காகக் குளித்து ஆயத்தமாகும் நமக்கு இதைவிடப் பொருத்தமான தவணை ஏது? வியாழன் மாலையே பூச்சாடித் தட்டையும் கூரைப் பீலியையும் குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டையும் பார்த்துவிடலாம்.

‘எங்கள் வீடு சுத்தமானது’ என்று சுகாதாரப் பரிசோதகரை வாசலிலேயே திருப்பி அனுப்புவோர் நம்மில் குறைவல்லர். இந்நுளம்பு நாடுவது சாக்கடையை அன்று, தெளிந்த நீரையே. நம் வீட்டில் பொரித்தது அண்டை வீட்டுக் குழந்தையைக் கடித்தால், அது அண்டை வீட்டாரின் உரிமையில் நாம் செய்த குறை.

பள்ளிவாசல் ஹவ்ழும் இதற்கு விலக்கன்று. பல பள்ளிகளில் அதில் மீன் விடும் வழக்கம் உண்டு. அம்மீன்கள் நுளம்புக் குடம்பிகளை உண்டுவிடும். அவ்வழக்கம் நின்றுபோன இடங்களில் நிர்வாகத்தார் அதனை மீண்டும் தொடங்கட்டும்.