இடைவெளியை நீக்கும் முன்

2016 ஜூலை 20 அன்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடங்கள் முடங்கியது. யாரும் தாக்கவில்லை, எந்த வன்பொருளும் பழுதாகவில்லை. ஒரு பதிவில், ஒரு வரியின் நடுவே, ஏறத்தாழ 20,000 இடைவெளிகள் தொடர்ச்சியாக இருந்தன. வரியின் முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை நீக்க எழுதிய ரெகுலர் எக்ஸ்பிரஷன், முதல் இடைவெளியில் தொடங்கி வரிமுடிவைத் தேடிப் போனது. அங்கே வேறோர் எழுத்து நிற்கவே, இரண்டாம் இடைவெளியிலிருந்து மறுபடி தொடங்கியது. பிறகு மூன்றாவது, நான்காவது என்று மொத்தம் சுமார் 20 கோடி ஒப்பீடுகள். அந்தப் பதிவு முகப்புப் பக்கத்தில் இருந்தது. சர்வர்கள் நலமாக உள்ளனவா என்று லோட் பேலன்சர் சோதித்ததும் அதே பக்கத்தை வைத்துத்தான். அதனால் சர்வர்கள் எல்லாமே செயலிழந்ததாகக் கருதப்பட்டு விலக்கப்பட்டன. அந்த எக்ஸ்பிரஷனை எடுத்துவிட்டு, எழுத்துகளை எண்ணி வெட்டும் எளிய ஃபங்ஷனைப் போட்டதும் தளம் மீண்டது.

இது நடந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, ஜாவாஸ்கிரிப்டின் என்பிஎம் களஞ்சியத்தில், ஓரத்து இடைவெளியை நீக்க 'டிரிம்' என்ற பெயரிலேயே இருந்த பேக்கேஜில் இதே வகைக் குறை பாதுகாப்புப் பிழையாகப் பதிவானது. ஜாவாஸ்கிரிப்டில் 2009 முதலே டிரிம் மொழியின் பகுதியாக இருக்கிறது. அப்படியிருந்தும் பழைய ரெகுலர் எக்ஸ்பிரஷனை எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டும் வழக்கம் இன்னும் போகவில்லை. மொழியே தரும் ஃபங்ஷன் இருக்கையில் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். இதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை.

ஆனால் அதோடு வேலை முடிந்துவிடவில்லை. டிரிம் என்ற ஒரே பெயரில் ஒவ்வொரு மொழியும் வெவ்வேறு எழுத்துகளை நீக்குகிறது. வேர்டு கோப்பிலிருந்தோ இணையப் பக்கத்திலிருந்தோ நகலெடுக்கும்போது கூடவே வரும் நோ-பிரேக் ஸ்பேஸை ஜாவாஸ்கிரிப்டின் டிரிம் நீக்கிவிடும். பிஎச்பியின் டிரிம், வேறெதுவும் சொல்லாவிட்டால், ஆறு எழுத்துகளை மட்டுமே அறியும். நோ-பிரேக் ஸ்பேஸ் அவற்றில் இல்லை. ஜாவா 11-இல் வந்த ஸ்டிரிப்பும் அதைத் தொடாது. ஆகவே உலாவி வெறுமை என்று சொல்லும் பெயர்ப் புலத்தை சர்வர் நிரம்பியதாக ஏற்றுக்கொள்ளும். டேட்டாபேஸிலும் இதே கதைதான். மைஎஸ்க்யூஎல்லின் பழைய கொலேஷன்கள், ஒப்பிடும்போது சொல்லின் கடைசியில் உள்ள இடைவெளியைக் கணக்கில் எடுப்பதில்லை. 8.0 பதிப்பின் இயல்பான கொலேஷன் எடுத்துக்கொள்கிறது. கொலேஷனை மாற்றிய மறுநாள், நேற்றுவரை ஒன்றாக இருந்த இரண்டு பெயர்கள் வேறுவேறாகிவிடும்.

தமிழில் எழுதும் பயனர்களுக்காக உழைக்கும் நாம் கட்டாயம் அறிய வேண்டிய ஆபத்து வேறொன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஜீரோ-விட்த் ஜாயினரை நீக்க நினைக்கும் ஒருவர், அதன் மூன்று பைட்டுகளைப் பிஎச்பி டிரிமின் இரண்டாம் உள்ளீடாகக் கொடுக்கிறார். யுடிஎஃப்-8-இல் அந்தப் பைட்டுகள் 226, 128, 141. டிரிம் இவற்றை ஓர் எழுத்தாகப் பார்ப்பதில்லை. மூன்று தனித்தனி பைட்டுகளாகவே பார்க்கிறது. தமிழ்ப் புள்ளியின் பைட்டுகள் 224, 175, 141. கடைசிப் பைட் இரண்டுக்கும் ஒன்றே. 'தமிழ்' என்ற சொல்லை அந்த ஃபங்ஷனிடம் கொடுத்தால் புள்ளியின் கடைசிப் பைட் வெட்டுப்பட்டு, மீதி செல்லாத யுடிஎஃப்-8 ஆகிவிடும். அதை ஜேசனாக மாற்றச் சொன்னால் பிஎச்பி மறுத்துவிடும். ஜீரோ-விட்த் ஸ்பேஸை இதே முறையில் நீக்கினால் 'போ' என்பதில் உள்ள ஓகாரக் குறி சிதையும். ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சோதிப்பவர் இந்தப் பிழையை ஒருநாளும் காணமாட்டார். பிஎச்பி 8.4-இல் வந்துள்ள எம்பி_டிரிம் எழுத்து எழுத்தாகவே வேலை செய்கிறது. வசதியுள்ளவர்கள் அதற்கு மாறிவிடுவது நல்லது.

கண்ணுக்குத் தெரியாதது எல்லாம் குப்பையும் அல்ல. 'ரிக்‌ஷா' என்று எழுதும்போது க்‌ஷ கூட்டெழுத்தாகச் சேராமல் பிரிந்து நிற்பது, நடுவே உள்ள ஜீரோ-விட்த் நான்-ஜாயினரால். சிங்களத்தில் 'ஸ்ரீ' சரியாக உருப்பெற ஜாயினர் தேவை. பாரசீக எழுத்துமுறைக்கு நான்-ஜாயினர் அன்றாடத் தேவை. குடும்பத்தைக் காட்டும் எமோஜி ஜாயினர் போனால் தனித்தனி முகங்களாகச் சிதறும். உரையின் உள்ளே இருக்கும் இவற்றைத் துடைப்பது பயனர் எழுதியதைத் திருத்துவதாகும். நமக்கு அந்த உரிமை இல்லை. தேடலில் 'ரிக்‌ஷா'வின் இரு வடிவங்களும் பொருந்த வேண்டுமென்றால், அதற்கெனத் தனியாக ஒரு தேடல் வடிவத்தை உருவாக்கி அதில் மட்டும் நீக்கலாம். சேமித்த மூலம் அப்படியே இருக்கட்டும்.

மறுபுறம், தாராளமாக நீக்க வேண்டிய இடத்தில் நாம் பயனரைக் கண்டிக்கிறோம். ஆதார் எண் அட்டையில் நான்கு நான்கு இலக்கங்களாகப் பிரித்து அச்சாகிறது. அதைப் பார்த்து அப்படியே இடைவெளியோடு தட்டுபவரிடம் 'தவறான எண்' என்கிறது படிவம். புலத்தின் நீளத்தை 12 என்று கட்டிவைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். இடைவெளியோடு ஒட்டப்படும் எண் 14 எழுத்துகள். கடைசி இரண்டு இலக்கங்கள் சத்தமின்றி விழுந்துவிடும். எண்களை எப்படி எழுதினாலும் ஏற்று, இடைவெளியைச் சர்வரில் நீக்குவது நம் வேலை. கடவுச்சொல்லில் மட்டும் கைவைக்கக் கூடாது. உள்ளீடுகளின் ஓரத்தைத் தானாகச் சீர்செய்யும் பிஎச்பி ஃபிரேம்வொர்க்கான லாராவெல்கூட, கடவுச்சொல் புலங்களை இயல்பாகவே விலக்கிவைத்திருக்கிறது.

எனவே வாசகர்களிடம் வேண்டுவது இதுதான். இடைவெளி நீக்கத்தைக் கோப்புதோறும் தூவாதீர்கள். தரவு உள்ளே வரும் வாசலில், சர்வரில், ஒரே ஃபங்ஷனில் வையுங்கள். பெயர், எண், கட்டுரை உரை, கடவுச்சொல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் எதை நீக்குவது, எதை விடுவது என்று எழுதிவைத்துக் குழுவில் பகிருங்கள். சோதனைத் தொகுப்பில் நோ-பிரேக் ஸ்பேஸ் ஒட்டிய ஒரு பெயரும், நடுவே 20,000 இடைவெளிகள் கொண்ட ஒரு வரியும், புள்ளியில் முடியும் ஒரு தமிழ்ச் சொல்லும் கட்டாயம் இருக்கட்டும். இந்த மூன்றிலும் தேறாத நிரலை வெளியிடாதீர்கள்.