மாரியப்பனுக்குக் கைதட்டினோம்... கல்லூரி வாசலில் சாய்தளம் எங்கே?



2016 ரியோவில் தங்கம். டோக்கியோவில் வெள்ளி. 2024 பாரிஸில் வெண்கலம். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு ஒவ்வொரு முறை தாண்டியபோதும் நம்ம ஊரே பட்டாசு வெடித்தது. வெடிக்க வேண்டியதுதான்!

இப்போ ஒரு கேள்வி. சக்கர நாற்காலியில் வரும் ஒரு தங்கச்சி ஆத்தூரிலோ ராசிபுரத்திலோ பி.காம் சேர்ந்தால், மாடியில் நடக்கும் வகுப்புக்கு எப்படிப் போவார்?

"கூடப் படிக்கிறவங்க தூக்கிட்டுப் போவாங்க" என்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் மனசு பெரிசு. ஆனா அவங்க லீவு போட்டா? பாத்ரூம் போகணும்னா? அதுக்குப் பயந்தே தண்ணி குடிக்காம நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் இருக்காங்க. இரக்கத்தை நம்பி எத்தனை நாள் படிக்க முடியும்?

சட்டம் தெளிவாக இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அரசு மற்றும் அரசு உதவிபெறும் கல்லூரிகளில் 5 சதவீத இடம் ஒதுக்கச் சொல்கிறது. நிதியுதவியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனம் எதுவானாலும், கட்டடமும் வளாகமும் எல்லோரும் வந்துபோகும்படி இருக்க வேண்டும். சேலம்–நாமக்கல் சாலை நெடுக இருக்கும் தனியார் கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். பழைய கட்டடங்களை மாற்றக் கொடுத்த 5 ஆண்டு கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. இந்தத் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

பிறகு ஏன் நடக்கவில்லை? முடிவெடுக்கும் இடத்தில் அந்த மாணவர் இல்லை. அதனால்தான் பைக் ஏற்றப் போட்ட சரிவைக் காட்டி "ராம்ப் இருக்கே" என்கிறார்கள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. மூன்று படி, ஒன்றரை அடி உயரம் என்றால் 18 அடி வேண்டும். சக்கரத்தைக் கையால் தள்ளுகிறவருக்கு இது தெரியும். காண்ட்ராக்டருக்குத் தெரியாது.

மாணவர்கள் முன்னால் வந்தபோதுதான் கதவு திறந்திருக்கிறது. 1962-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், போலியோவால் கை கால் செயலிழந்த எட் ராபர்ட்ஸ் போராடித்தான் சேர்ந்தார். அவரைப் போன்ற மாணவர்கள் ஒன்று திரண்டு அந்த வளாகத்தையே மாற்றினார்கள். அவ்வளவு தூரம் ஏன்? 2013-ல் பார்வையற்ற கல்லூரி மாணவர்களும் பட்டதாரிகளும் வேலை கேட்டுச் சென்னை வீதியில் உட்கார்ந்தார்கள். மறு ஆண்டே மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனியாக ஆசிரியர் தகுதித் தேர்வு நடந்தது.

மாணவர் அணித் தோழர்களுக்கு மூன்று வேலை:

1. உங்கள் கல்லூரியை அளந்து பாருங்கள். வாசல், வகுப்பு, நூலகம், கழிப்பறை, தேர்வு அறை. அந்தக் குழுவுக்கு மாற்றுத்திறனாளி மாணவரே தலைவர். நீங்கள் டேப் பிடியுங்கள், அவர் சொல்லட்டும்.

2. முதல்வரிடம் எழுத்தில் கொடுங்கள். வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றப் பணம் தேவையில்லை, கால அட்டவணையைத் திருத்தினால் போதும். அதை உடனே கேளுங்கள். சாய்தளத்துக்கும் கழிப்பறைக்கும் தேதி கேளுங்கள்.

3. பதில் வரவில்லையா? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம் இருக்கிறது. மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, மீண்டும் மீறினால் 5 லட்சம் வரை அபராதம்.

உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினராக 2025-ல் தமிழ்நாடு சட்டமன்றம் வழி செய்தது. ஊராட்சியில் முடியும் என்றால் கல்லூரி மாணவர் பேரவையில் ஏன் முடியாது? ஒவ்வொரு பேரவையிலும் ஓர் இடம் கேட்போம். நம் மாணவர் அணிக் குழுக்களிலிருந்தே தொடங்குவோம். நம் கூட்ட மேடைகளுக்கும் சாய்தளம் போடுவோம்.

உங்க காலேஜ்ல நிலைமை என்ன? கமெண்ட்ல எழுதுங்க. போட்டோ போடும்போது இடத்தை மட்டும் எடுங்க, அந்தப் பிள்ளைகளின் முகத்தை வேண்டாம்.

#எல்லோருக்கும்_கல்லூரி