உங்கள் ஊரில் எத்தனை பேர்?

கொஞ்சம் நீளமான பதிவு. மலையில் சொந்தபந்தம் உள்ளவர்கள் கட்டாயம் கடைசி வரை படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். கல்வராயன் மலையில் ஐம்பது வீடுகூட இல்லாத குக்கிராமம் அவனுடையது. ரோடு கேட்டு மனு எழுத உட்கார்ந்திருக்கிறான். ஊரின் மக்கள்தொகையைப் போட வேண்டிய இடத்தில் நின்றுவிட்டான். "சார், 2011 சென்சஸ்ல எங்க ஊர் பேரே இல்ல சார்" என்றான்.

இருக்காது. கிராமப்புறத்தில் மக்கள்தொகைக் கணக்கு வருவாய் கிராமம் வாரியாகத்தான் வெளியாகிறது. மலையில் ஒரே வருவாய் கிராமத்தின் பெயருக்குள் ஓடைக்கு இந்தப் பக்கம் ஒன்று, மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்று என்று பல குக்கிராமங்கள் அடங்கிவிடுகின்றன. மொத்தக் கூட்டல் மட்டும் அச்சாகிறது. அவன் ஊர் இருக்கிறது, ஊருக்கென்று ஓர் எண் இல்லை.

எண் இல்லாவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். துணை சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 5000 பேர், மலை மற்றும் பழங்குடிப் பகுதியில் 3000 பேர் என்று கணக்கு. ஊராட்சியில் பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு மக்கள்தொகை விகிதப்படிதான். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் சமவெளிக் குடியிருப்புக்கு 500 பேர் வேண்டும். மலை மாநிலங்களுக்கும் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கும் 250 போதும். நம் மலையில் மலையாளிப் பழங்குடியினரே பெரும்பான்மை. ஆனால் தமிழ்நாட்டில் எந்தப் பகுதியும் ஐந்தாம் அட்டவணையில் இல்லை. எனவே அந்தப் பெயரில் நமக்குச் சலுகை கிடையாது. இருக்கிற தலைகளையாவது சரியாக எண்ண வேண்டாமா?

இந்த மலை அரசாங்கக் கணக்குக்குள் வந்ததே தாமதம். 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. தென்னார்க்காடு 1993-ல் பிரிந்து விழுப்புரம் மாவட்டம் வந்தது. 2019 நவம்பர் 26-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. இன்று வெள்ளிமலையிலேயே தாலுகா அலுவலகம் இருக்கிறது. கலெக்டரைப் பார்க்க விழுப்புரம் வரை போய்த் திரும்பிய நாளை நினைத்தால் இது பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. அலுவலகம் பக்கத்தில் வந்துவிட்டது. ஊர் இன்னும் ஏட்டில் ஏறவில்லை.

இதில் என் பங்கும் உண்டு. 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை நானும் கணக்கெடுப்பாளராக மலையில் நடந்தேன். ஒரு குக்கிராமத்தில் ஏழு வீடுகள் பூட்டிக் கிடந்தன. பக்கத்து வீட்டுப் பாட்டி, "கரும்பு வெட்டப் போயிருக்காங்க வாத்தியாரே, பங்குனியிலதான் வருவாங்க" என்றார். கணக்கெடுப்புக் காலம் முழுவதும் வெளியில் இருப்பவரை, அவர் இருக்கும் இடத்தில்தான் எண்ண வேண்டும். ஒருவரை இரண்டு முறை எண்ணக் கூடாது. விதி சரியானது. நானும் விதிப்படி எழுதிவிட்டு இறங்கிவிட்டேன்.

ஆனால் கரும்புக் கொல்லையில் போட்ட குடிசையைத் தேடி எந்தக் கணக்கெடுப்பாளர் போயிருப்பார்? "அங்கே யாராவது வந்தால் பெயரைக் கொடுக்கச் சொல்லுங்கள், வராவிட்டால் கேட்கச் சொல்லுங்கள்" என்று அந்தப் பாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த ஏழு குடும்பமும் எந்த ஊரிலும் இல்லாமல் போயிருக்கலாம் என்ற நினைப்பு இன்றும் உறுத்துகிறது.

2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 பிப்ரவரியில் மக்களை எண்ணப் போகிறார்கள். 2025 டிசம்பர் 31-உடன் நிர்வாக எல்லைகளை முடக்கிவிட்டார்கள். ஆகவே அதற்குள் குக்கிராமங்களைப் புதிய வருவாய் கிராமமாக்க முடியாது. ஆனால் எண்ணிக்கையைக் குக்கிராமம் வாரியாகப் பிரித்து வெளியிடலாமே! வீடு வீடாக வரைபடம் போட்டுத்தானே எண்ணுகிறார்கள்? இந்த முறை கைப்பேசிச் செயலி வேறு. மலை ஊர்களுக்காவது இதைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. கிராம சபையில் தீர்மானம் போட்டு மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்புங்கள்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், சிலர் கிராம நிர்வாக அலுவலர்கள். இந்த வேலை உங்கள் தலையில்தான் விழும். பூட்டிய வீட்டைப் பார்த்தால் என்னைப் போல இறங்கி வந்துவிடாதீர்கள். எங்கே போனார்கள் என்று கேளுங்கள், போன் நம்பர் வாங்கிப் பேசுங்கள். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளே, நீங்கள் இருக்கும் இடத்துக்கு யாரும் வராவிட்டால் நீங்களே போய்க் கேளுங்கள். எண்ணாமல் விட்டுவிட்டால் அடுத்த கணக்கெடுப்பு வரை காத்திருக்க வேண்டும்.

போன் செய்த பையனிடம், வீடு வீடாகப் போய் நீயே எண்ணு, ரேஷன் கார்டு எண்ணோடு பட்டியல் போட்டு மனுவுடன் இணை என்று சொன்னேன். நேற்று இரவு அனுப்பியிருந்தான். 211 பேர். கடைசிப் பெயர் பிறந்து பதினோரு நாளே ஆன குழந்தை. பெயர் வைக்கவில்லை, "பெண் குழந்தை" என்று எழுதியிருந்தான்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர்