அழலாம், கோபப்படக் கூடாதா?

2012-ல இங்கிலாந்துல ரிலீஸான 'தி பெஸ்ட் எக்ஸாட்டிக் மேரிகோல்ட் ஹோட்டல்' படத்தைப் பத்திப் பேசுறவங்கள்ல பாதிப்பேர், "வயசான வெள்ளைக்காரங்க ஜெய்ப்பூர் வந்து சந்தோஷமா இருக்காங்க"ன்னு ஒரே வரியில முடிச்சிடுறாங்க. எனக்கு அது ஈவ்லின் கதை. (ஜூடி டென்ச். அந்தம்மா சும்மா நின்னாலே போதும் :-))

ஈவ்லினோட புருஷன் செத்துப்போயிட்டார். அப்புறம்தான் தெரியுது, ஏகப்பட்ட கடன். வீட்டை வித்துதான் அடைக்கணும். முதல் காட்சியிலேயே ஒரு கால் சென்டர் ஊழியர், கணக்கு யார் பேர்ல இருக்கோ அவர்கிட்டதான் பேசணும்னு அடம்பிடிக்கிறார். அந்த 'அவர்'தான் உயிரோட இல்லையே! சிரிக்க வைக்கிற காட்சிதான். ஆனா வீட்டு வரவு செலவு எதுவுமே தெரியாம குடும்பம் நடத்தின எத்தனையோ பெண்கள் அதுல இருக்காங்க.

பயணம் காயத்தை ஆத்தும்னு சொல்வாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். ஜெய்ப்பூர் ஈவ்லினுக்கு மருந்து போடலை, கோபப்பட இடம் கொடுத்தது. அவ்வளவுதான். "ஏன் என்கிட்ட சொல்லலை?"ங்கிற கேள்வியை, துக்கம் விசாரிக்க வர்றவங்க முன்னாடி கேட்க முடியுமா? நம்ம ஊர்ல கேட்டுப் பாருங்க. "போன மனுஷனைப் போய்…"ன்னு வாயை அடைச்சிடுவாங்க. புருஷனை இழந்தவ அழலாம், கோபப்படக் கூடாது. என்னைக் கேட்டா, அந்தக் கோபமும் துக்கம்தான். நேசிச்ச மனுஷன்மேலதான் அவ்வளவு கோபம் வரும்.

அதே படத்துல கிரஹாம் தேடி வர்ற மனோஜ், தன் பழைய காதலைப் பத்தி மனைவிகிட்ட மறைக்காம சொல்லியிருக்கார். அந்தம்மாவுக்கு எல்லாம் தெரியும். ஈவ்லினுக்குக் கடன்கூடத் தெரியாது. இந்த ரெண்டு கல்யாணத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா, எது தாம்பத்தியம்னு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கல்யாணமான ஆண் பதிவர்களே, "அவளுக்கு எதுக்கு இந்தக் கவலை"ங்கிறது பாசம் இல்லைங்க. 10 வருஷம் யாரும் தொடாத டெபாசிட் ரிசர்வ் வங்கியோட நிதிக்குப் போயிடும். அப்புறமும் வாரிசு கேட்டு வாங்கலாம்தான். ஆனா கணக்கு இருக்கிறதே தெரியாதவங்க என்னத்தைக் கேட்பாங்க?

இன்னிக்கு ராத்திரி சாப்பிட்டதும் சீரியலை அணைச்சிட்டு, கடன் உட்பட எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வீட்டம்மா கையில கொடுங்க. திட்டு விழும். நீங்க இருக்கும்போதே திட்டட்டுமே.