இதயப் படம் வேண்டாம், பரிசோதனை முடிவைப் போடுங்கள்

மாதச் சாமான் வாங்கப் போனால் அரிசி, பருப்பு, புளியெல்லாம் சட்டென்று முடிந்துவிடுகிறது. எண்ணெய் அடுக்குக்கு முன்னால்தான் நின்றுவிட வேண்டியிருக்கிறது. ஒரு பாக்கெட்டில் சிவப்பு இதயம். பக்கத்தில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’. அதற்கடுத்தது ‘லைட்’. மேல்தட்டில் ‘மரச்செக்கு’, ‘கோல்டு பிரஸ்டு’ என்று ஏறக்குறைய இரண்டு பங்கு விலையில் கண்ணாடி பாட்டில்கள். வீட்டில் ஸ்டென்ட் வைத்த மனிதர் ஒருவர் இருக்கிறார். “எண்ணெய் மட்டும் பார்த்து வாங்குங்கம்மா” என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். எதைப் பார்த்து வாங்குவது? பார்க்கக் கொடுத்திருப்பதெல்லாம் விளம்பரமாக அல்லவா இருக்கிறது!

கொலஸ்ட்ரால் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். அது விலங்கின் உடம்பில் உண்டாகிற பொருள். கடலை, எள், சூரியகாந்தி, தவிடு என்று எந்தத் தாவர எண்ணெயிலும் அது சொல்லத்தக்க அளவில் கிடையாது. பாமாயிலிலும் கிடையாது, தேங்காயெண்ணெயிலும் கிடையாது. ஆனால் பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. தேங்காயெண்ணெயில் அது நூற்றுக்குத் தொண்ணூறு. ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவதில் இந்த நிறைவுற்ற கொழுப்புக்குத்தான் பெரிய பங்கு. ஆக, இதய நோயாளிக்குத் தெரிய வேண்டிய எண் பாக்கெட்டின் பின்பக்கத்தில், மடிப்புக்குள், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் கிடக்கிறது. எல்லா எண்ணெய்க்கும் பொதுவான ஒரு விஷயம் மட்டும் முகப்பில் கொட்டை எழுத்தில் நிற்கிறது. ‘லைட்’ என்பதும் அப்படித்தான். எந்த எண்ணெயானாலும் 100 கிராமுக்குச் சுமார் 900 கலோரி. பேரை மாற்றினால் அது குறையாது.

இன்னொரு வருத்தம். முகப்பில் தமிழ் அழகாக இருக்கும். பின்பக்கம் திருப்பினால் தமிழ் காணாமல் போய்விடும். கட்டாய விவரங்களை ஆங்கிலத்திலோ இந்தியிலோ கொடுத்தால் போதும் என்பது விதி. ஆசைகாட்டுவது என் அம்மாவுக்குப் புரிகிற மொழியில், உண்மையைச் சொல்வது புரியாத மொழியில் என்றால் அவர் எதை வைத்து முடிவு செய்வார்?

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. ‘சூப்பர் ரீஃபைண்ட்’, ‘டபுள் ரீஃபைண்ட்’, ‘ஆன்ட்டி கொலஸ்ட்ரால்’, ‘சூதிங் டு ஹார்ட்’ போன்ற வார்த்தைகளை எண்ணெய் லேபிளில் போடக்கூடாது என்று 2011 விதிமுறையிலேயே பட்டியல் போட்டுத் தடுத்தார்கள். விளம்பர வாக்குறுதிகளுக்கென்று 2018இல் தனி விதிமுறை வந்தது. லேபிளில் ‘100%’ என்று போடுவதைத் தவிர்க்கச் சொல்லி 2025 மே மாதம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவுறுத்தியது. ஆனால் சொல்லைத் தடுத்தால் அந்த இடத்தில் படம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதயம், ஓடுகிற மனிதர், ஸ்டெதாஸ்கோப்... படம் எதையும் சொல்லவில்லை என்று நாளைக்கு வாதாடிவிடலாம். பார்க்கிறவர் மனதில் மட்டும் அது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறது.

எங்கள் பக்கம் விற்கும் ஒரு பாக்கெட்டில் நிலக்கடலைப் படம் கையகலத்துக்கு இருக்கிறது. ஓரத்தில் ‘கலப்பு சமையல் எண்ணெய்’. உள்ளே 80 சதம் பாமாயில், 20 சதம் கடலை எண்ணெய். கலக்கிற எண்ணெய் எதுவானாலும் 20 சதத்துக்குக் குறையக்கூடாது என்பது விதி. குறையவில்லை, அதனால் குற்றமில்லை. ஆனால் கடலை எண்ணெய் என்று நம்பி அதை எடுத்துப்போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். நல்லெண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே அதே நிறத்தில், அதே வடிவில் தீப எண்ணெய் பாட்டிலையும் அடுக்கி வைக்கிறார்கள். ‘சமையலுக்கு அல்ல’ என்பது எறும்பு ஊர்கிற மாதிரி ஓரமாக இருக்கிறது. வயதானவர்கள் தனியாக வந்து வாங்கும் கடை அது.

14 இலக்க எண் இருந்தால் சோதித்த எண்ணெய் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது உரிம எண். தொழில் நடத்த அனுமதி வாங்கியிருக்கிறார் என்பதற்கு அது அத்தாட்சி, கையிலிருக்கும் பாக்கெட்டின் தரத்துக்கு அல்ல. 2020 ஆகஸ்டில் ஆணையம் நாடு முழுக்க நாலாயிரத்துக்கும் மேற்பட்ட எண்ணெய் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. ஏறக்குறைய நான்கில் ஒன்று தர அளவுகளில் தேறவில்லை. நூற்றுக்கு இரண்டுக்கும் மேல் பாதுகாப்பு அளவுகளிலேயே தவறின.

சோதனைக்கு வழி இல்லாமலும் இல்லை. தேங்காயெண்ணெயின் அயோடின் மதிப்பு 7.5 முதல் 10 வரை, கடலை எண்ணெய்க்கு 85 முதல் 99 வரை. ஒன்றில் இன்னொன்றைக் கலந்தால் எண் நகர்ந்துவிடும். நல்லெண்ணெய்க்கு பாடுவான் சோதனை: அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃப்யூராலும் விட்டுக் குலுக்கினால் அமிலம் தங்கும் அடுக்கு ரோஜாச் சிவப்பாகும். நெய்யில் டால்டா கலந்தால் பிடிபட வேண்டும் என்பதற்காகவே வனஸ்பதியில் 5 சதம் நல்லெண்ணெய் சேர்க்க வைத்தார்கள். எவ்வளவு யோசித்துச் செய்த ஏற்பாடு! ஆனால் அந்தச் சிவப்பு, நல்லெண்ணெய் இருக்கிறது என்றுதான் சொல்லும். பாதி வேறு எண்ணெய் என்றாலும் சிவக்கத்தான் செய்யும். கலப்பைக் கண்டுபிடிக்கக் கொழுப்பு அமிலங்களைப் பிரித்து அளக்கும் கருவி வேண்டும். நமக்கு வாட்ஸ்அப்பில் வருவதோ ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள், உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள் என்கிற வைத்தியம். ஃபிரிட்ஜில் வைத்தால் தேங்காயெண்ணெய் உறையும். பனங்கொட்டை எண்ணெயும்தான் உறையும்.

செக்கு எண்ணெய் மேல் எனக்குப் பிரியம் அதிகம். கருப்பட்டி போட்டு எள் ஆட்டும்போது தெருமுனை வரை வருகிற வாசனையை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டரைக் கிலோ அளவில் பருப்பு வேண்டும். பருப்பு விலையைக் கேட்டுப் பெருக்கிப் பார்த்தால், மலிவு விலை ‘செக்கு எண்ணெய்’ எப்படிக் கட்டுப்படியாகும் என்ற கேள்வி தானாக வரும். அதைவிடப் பெரிய கவலை பூஞ்சை. பூசணம் பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்கிற நஞ்சு இருக்கும். அது ஈரலைக் கெடுக்கும், புற்றுநோய் வரை கொண்டுபோகும். ரீஃபைண்ட் செய்யும்போது கார முறையில் அது பெரும்பாலும் போய்விடும். செக்கில் அந்தக் கட்டமே இல்லை. அதனால் செக்குக்குப் போகிற கடலை சுத்தமாக இருந்தே ஆக வேண்டும். “அண்ணா, இதை எங்கேயாவது டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா?” என்று தெரிந்த செக்குக்காரரிடம் கேட்டேன். “கண்ணு முன்னாடிதானே ஆட்டித் தர்றோம் அக்கா, இதுக்கு மேல என்ன டெஸ்ட்டு?” என்றார். நல்ல மனிதர், ஏமாற்றுகிறவர் இல்லை. கடலையில் இருக்கும் நஞ்சு அவர் கண்ணுக்கும் தெரியாது, என் கண்ணுக்கும் தெரியாது. அவரைப் போன்ற சிறு தொழில்காரர்களுக்குக் குறைந்த செலவில் சோதித்துக்கொடுக்க வட்டாரத்துக்கு ஓர் இடம் வைத்தால் என்ன?

பெரிய நிறுவனங்களுக்கு அந்தச் சாக்கும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது பொருளைச் சோதிக்க வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. சோதனை அறிக்கை இருக்கிறது, காசு கொடுத்து வாங்குகிற நம் கண்ணுக்குத்தான் வருவதில்லை. இதயம் வரைய இடமிருக்கும் பாக்கெட்டில் ஒரு க்யூஆர் கட்டத்துக்கு இடமிருக்காதா? ஸ்கேன் செய்தால் எந்தத் தொகுப்பு, எந்த ஆய்வகம், எந்தத் தேதி, அமில மதிப்பு என்ன, என்னென்ன கொழுப்பு எத்தனை சதம், அஃப்ளாடாக்சின் உண்டா இல்லையா என்று தமிழில் தெரியட்டும். ஆணையம் ஓர் உத்தரவு போட்டால் நடக்கிற காரியம் இது.

அதுவரை வாசகர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இன் 40ஆம் பிரிவுப்படி, வாங்குகிற யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதிக்கக் கொடுக்கலாம். சோதிக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பொருள் சட்டத்துக்கு மாறாக இருந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். சந்தேகம் இருக்கிற பாட்டிலுக்கு இந்த உரிமையைப் பயன்படுத்துங்கள்.